வேலைக்கு வராமை: எப்படி அளப்பது, நிறுவனத்துக்கு என்ன செலவாகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வராமை என்று எதையெல்லாம் எண்ண வேண்டும்?

வேலைக்கு இருந்திருக்க வேண்டிய நேரத்தில், முன்கூட்டித் திட்டமிடாத காரணத்தால் ஒருவர் இல்லாமல் போனால் அது வராமை. உடல்நலக் குறைவு, வீட்டில் அவசரம், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது எல்லாம் இதில் சேரும். ஆண்டு விடுப்பு, பொது விடுமுறை, மகப்பேறு விடுப்பு, பயிற்சி, வெளியூர்ப் பணி ஆகியவை சேராது. வேலைநிறுத்தம் நடந்த நாட்களையும், வேலை இல்லை என்று நிர்வாகமே ஆட்களைத் திருப்பி அனுப்பிய நாட்களையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். அவற்றைக் கலந்துவிட்டால் அந்த ஆண்டின் எண்ணை வேறு எந்த ஆண்டோடும் ஒப்பிட முடியாது.

தகராறு வருவதெல்லாம் ஓரங்களில்தான். இரண்டு மணி நேரம் மருத்துவரிடம் போய்வந்தால் வராமையா, பெர்மிஷனா? மதியம் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனவருக்கு அரை நாளா? இதற்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை. ஒரே விடை இருந்தால் போதும். ஒரு பக்கத்தில் எழுதி எல்லாத் துறைக்கும் கொடுங்கள், ஆண்டின் நடுவில் மாற்றாதீர்கள்.

வராமை விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

இழந்த நாட்களை, வேலை செய்திருக்க வேண்டிய நாட்களால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். சூத்திரம் எளிது. பிழை வருவது கீழ் எண்ணில், அதாவது வகுக்கும் எண்ணில்.

50 பேர், மாதத்தில் 22 வேலை நாட்கள் என்றால் 1,100 ஆள்-நாட்கள். அதில் 80 நாட்கள் ஏற்கெனவே ஒப்புதல் தந்த ஆண்டு விடுப்பு. மீதி 1,020. இழந்தவை 51. விகிதம் 5 சதவீதம். விடுப்பைக் கழிக்க மறந்தால் 4.6 சதவீதம். பேரோல் (சம்பளக் கணக்கு) மென்பொருள் 30 நாட்காட்டி நாட்களை வைத்துக் கணக்குப் போட்டால் 1,500 ஆள்-நாட்களுக்கு 3.4 சதவீதம். மூன்றும் ஒரே மாதம், ஒரே ஆட்கள். இரண்டு கிளைகளில் வெவ்வேறு விகிதம் தெரிந்தால், ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் கீழ் எண்ணில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மருத்துவச் சான்றிதழில் வரும் நாட்கள் பெரும்பாலும் நாட்காட்டி நாட்கள். "7 நாள் ஓய்வு" என்றால் வார இறுதியும் அதில் அடக்கம். பதிவேட்டில் 5 வேலை நாட்களாக ஏற வேண்டியது அப்படியே 7 என்று ஏறிவிடுவது சாதாரணம். மேல் எண்ணில் நாட்காட்டி நாளும் கீழ் எண்ணில் வேலை நாளும் இருந்தால் விகிதம் காரணமில்லாமல் வீங்கும்.

பகுதி நேரத்தவர், ஷிஃப்ட் ஆட்கள் இருந்தால்?

நாட்களை விட்டுவிட்டு மணிக்கணக்குக்கு மாறுங்கள். வாரம் 3 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வருபவர் ஒரு வாரம் வராவிட்டால் இழப்பு 24 மணி, 40 அல்ல. 12 மணி நேர ஷிஃப்ட் ஒன்று தவறினால் அது 8 மணி நேரக் கணக்கில் ஒன்றரை நாள். இரவு ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டுவதால் பயோமெட்ரிக் இயந்திரம் ஒரே வராமையை இரண்டு தேதிகளில் பதிவதும் உண்டு. ஷிஃப்ட் தொடங்கிய தேதியில் மட்டும் கணக்கிடும்படி அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

ஓவர்டைம் மணிகளைக் கீழ் எண்ணில் சேர்க்க வேண்டாம். ஒப்பந்த மணிகள் மட்டும் போதும்.

விகிதம் ஒன்று மட்டும் போதாதா?

போதாது. தலா 50 பேர் கொண்ட இரண்டு துறைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு 12,000 ஆள்-நாட்கள், இழந்தவை 600, விகிதம் 5 சதவீதம். முதல் துறையில் அந்த 600 நாட்களும் 300 தடவைகளாகச் சிதறிக் கிடக்கின்றன: தடவைக்கு 2 நாள், ஆளுக்கு ஆண்டில் 6 தடவை. இரண்டாவது துறையில் 24 தடவைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் சராசரியாக 25 நாட்கள்.

முதல் துறையின் சூப்பர்வைசர் கிட்டத்தட்ட தினமும் காலையில் ஆளைத் தேடி அலைகிறார். இரண்டாவது துறையில் அறுவை சிகிச்சை, முதுகுவலி, மனச்சோர்வு என்று சிலர் மாதக் கணக்கில் இல்லை. முதலாவதில் பார்க்க வேண்டியது ஷிஃப்ட் அட்டவணை, மேற்பார்வை, வேலைச் சூழல். இரண்டாவதில் பார்க்க வேண்டியது சிகிச்சைக்குப் பின் படிப்படியாக வேலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்பது. 5 சதவீதம் என்ற எண் இந்த வேறுபாட்டை முழுக்க மறைத்துவிடுகிறது. ஆகவே மாத அறிக்கையில் குறைந்தது மூன்று எண்கள் வேண்டும்: விகிதம், ஆளுக்கு எத்தனை தடவை, தடவைக்கு எத்தனை நாள். 20 வேலை நாட்களைத் தாண்டியவற்றைத் தனியே பிரித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

ஒரு 'தடவை' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

வராத முதல் வேலை நாளில் தொடங்கி, திரும்பி வந்த நாளுக்கு முந்தைய வேலை நாளில் முடிகிறது. வெள்ளியும் திங்களும் வராதவர், சனி ஞாயிறு வார விடுமுறை என்றால், இரண்டு நாட்கள் கொண்ட ஒரே தடவை. இரண்டு தடவையாக எழுதக்கூடாது.

அதிகம் நடக்கும் பிழை, முடிவுத் தேதி போடாமல் விடுவது. ஆள் திரும்பி வந்து மூன்று வாரமாகியும் பதிவேட்டில் அந்த வராமை திறந்தே கிடக்கும். நாட்கள் ஏறிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் திறந்திருக்கும் பதிவுகளைப் பட்டியலிட்டு, வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து மூடிய பிறகே அறிக்கை எடுங்கள்.

பிராட்ஃபோர்டு மதிப்பெண் என்றால் என்ன? அதை நம்பலாமா?

கடந்த 52 வாரங்களில் ஒருவர் எத்தனை தடவை வரவில்லை என்பதை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களாலும் பெருக்குவது. தொடர்ந்து 10 நாள் ஒரே தடவை என்றால் 1 × 1 × 10 = 10. இரண்டிரண்டு நாளாக 5 தடவை என்றால் 5 × 5 × 10 = 250. ஒவ்வொரு நாளாக 10 தடவை என்றால் 1,000. நாட்கள் ஒன்றே, மதிப்பெண் நூறு மடங்கு. அடிக்கடி வரும் குறுகிய வராமைதான் வேலையை அதிகம் குலைக்கிறது என்ற கருத்து இந்தச் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

யாரிடம் பேச வேண்டும் என்று காட்ட இது உதவும். யாரைத் தண்டிக்க வேண்டும் என்று காட்ட உதவாது. ஒற்றைத் தலைவலி, டயாலிசிஸ், வலிப்பு போன்ற நீடித்த நோய் உள்ளவர்களுக்கு மதிப்பெண் தானாகவே ஏறும். முழுதாகக் குணமாகாமல் வந்து பார்த்தவருக்கும் அடி விழும்: பத்து நாள் நோயில் நடுவே ஒரு நாள் வந்துவிட்டுத் திரும்பப் படுத்தவருக்கு 2 × 2 × 9 = 36; வராமலே இருந்திருந்தால் 10 தான். இது தெரிந்த ஆட்கள் நடுவில் வந்து பார்க்கவே மாட்டார்கள். நோயாலோ காயத்தாலோ தற்காலிகமாக வராமல் இருப்பது பணிநீக்கத்துக்குத் தகுந்த காரணமாகாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டின் 158-ஆம் எண் உடன்படிக்கை சொல்கிறது. பல நாடுகளில் உள்நாட்டுச் சட்டமும் இதைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு மதிப்பெண்ணைத் தொட்டதும் எச்சரிக்கைக் கடிதம் தானாகப் போகும்படி மென்பொருளை அமைப்பது வழக்கை வீட்டு வாசலுக்கு அழைப்பது போலத்தான்.

மதிப்பெண் படிப்படியாக இறங்காது, தொப்பென்று விழும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 4 தடவை, 6 நாள் என்றால் 96. இரண்டு நாள் கொண்ட ஒரு பழைய தடவை 52 வாரத்தைத் தாண்டியதும் 3 × 3 × 4 = 36.

திங்கட்கிழமைகளில் அதிகம் பேர் வருவதில்லை. ஏமாற்றுகிறார்களா?

அந்த முடிவுக்கு வருமுன் கொஞ்சம் கணக்கு. ஐந்து நாள் வாரத்தில் திங்களும் வெள்ளியும் சேர்ந்து 40 சதவீதம். வராத நாட்களில் 40 சதவீதம் அந்த இரு நாட்களில் விழுந்தால் அதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

தொடங்கும் நாளைப் பார்த்தால் திங்கள் இயல்பாகவே உயரமாகத் தெரியும். சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாட்களில் எப்போது உடம்பு கெட்டாலும் பதிவேட்டில் அது திங்களன்றுதான் தோன்றும். நோய் ஏழு நாட்களிலும் சமமாக வருகிறது, ஒன்றும் வார இறுதிக்குள் குணமாவதில்லை என்று வைத்தால், ஏழில் மூன்று பங்கு, அதாவது 43 சதவீதம், திங்களில் தொடங்க வேண்டும். ஒரே நாளில் குணமாகும் சில நோய்கள் வார இறுதியிலேயே முடிந்துவிடுவதால் நடப்பில் இது குறையும். ஆனாலும் 20 சதவீதத்தை இயல்பு என்று எடுத்துக்கொண்டு அதற்கு மேல் உள்ளவர்களையெல்லாம் சந்தேகிப்பது தவறு.

எத்தனை சதவீதம் என்றால் அதிகம்?

வெளியிலிருந்து ஓர் எண்ணை எடுத்து ஒட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு. யார் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாது. நோய் விடுப்புக்கு ஊதியம் உண்டா என்பதைப் பொறுத்தே எண் பெரிதும் மாறும். உங்கள் நிறுவனத்தின் சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். சளிக்காய்ச்சல் பரவும் மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பீதி கிளம்பும். போக்கைப் பார்க்க 12 மாத நகரும் சராசரி (மாதந்தோறும் கடைசி 12 மாதங்களுக்கு எடுப்பது) நல்லது.

சிறிய குழுக்களில் விகிதத்தையே நம்பாதீர்கள். 8 பேர் கொண்ட குழுவில் ஒருவர் மாதம் முழுக்க இல்லையென்றால் 12.5 சதவீதம். அது அவருடைய காலில் எலும்பு முறிந்ததைத்தான் சொல்கிறது, குழுவின் ஒழுங்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஒரு நாள் வராமைக்கு நிறுவனத்துக்கு என்ன செலவு?

பலரும் அன்றைய சம்பளத்தை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சம்பளம் செலவின் அளவு அல்ல. அன்றைக்கு அந்த வேலைக்கு என்ன ஆனது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. நாள் சம்பளம் 100 என்று வைத்து நான்கு நிலைகளைப் பார்ப்போம்.

வேலை காத்திருந்தது. ஆள் திரும்பி வந்து தேங்கியதை முடித்துவிட்டார். கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அறிக்கை எழுதுதல், வடிவமைப்பு போன்ற பல அலுவலக வேலைகள் குறுகிய வராமையில் இப்படித்தான்.

சக பணியாளர் ஓவர்டைமில் செய்தார், ஒன்றரை மடங்கு ஊதியம். வராதவருக்கு ஊதியத்துடன் விடுப்பு என்றால் 100-ம் 150-ம் சேர்ந்து 250 வெளியே போகிறது. சாதாரண நாளில் 100 போயிருக்கும். ஆக, கூடுதல் செலவு 150. விடுப்புக்கு ஊதியம் இல்லை என்றால் கூடுதல் 50 மட்டும்.

வெளியிலிருந்து தற்காலிக ஆள் வந்தார். ஏஜென்சி கட்டணம் 140. வேலை தெரியாததால் முடித்தது 70 சதவீதம். அதே அளவு வேலைக்குக் கணக்கிட்டால் 200 ஆகிறது. முதல் சில நாட்களில் அவருக்குச் சொல்லித்தர இன்னொருவர் இழக்கும் நேரம் இதற்கு மேல்.

வேலை நடக்கவே இல்லை. இயந்திரம் நின்றது, விற்பனை கைநழுவியது. அன்றைய உற்பத்தி 1,000-க்கு விற்றிருக்கும், மூலப்பொருளும் மின்சாரமும் 600 ஆகியிருக்கும் என்றால் இழப்பு 400. 1,000 என்று எழுதுவது மிகைப்படுத்தல், ஏனெனில் பொருளும் மின்சாரமும் செலவாகவில்லை. சனிக்கிழமை கூடுதலாக ஓட்டி அந்த ஆர்டரை முடித்துவிட்டால் 400-ம் இழப்பில்லை. சனிக்கிழமை ஓவர்டைம்தான் செலவு.

எந்த வேலை எந்த நிலையில் விழும் என்பதை மூன்று கேள்விகள் காட்டிக்கொடுக்கும். வேறொருவரால் உடனே செய்ய முடியுமா? நாளைக்குத் தள்ள முடியுமா? இவர் இல்லாவிட்டால் கூட வேலை செய்பவர்களும் கைகட்டி நிற்க வேண்டுமா? மூன்றுக்கும் விடை பாதகமாக இருந்தால் – அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் போல – ஒரு நாள் வராமையின் விலை ஒரு நாள் சம்பளத்தைப் பல மடங்கு தாண்டும்.

இரட்டைக் கணக்கு எங்கே நுழைகிறது?

விடுப்பு ஊதியம், மாற்று ஆள் கூலி, இழந்த உற்பத்தி மூன்றையும் ஒன்றாகக் கூட்டும்போது. மாற்று ஆள் வேலையை முடித்துவிட்டால் உற்பத்தி இழக்கப்படவில்லை. உற்பத்தி இழக்கப்பட்டது என்றால் மாற்று ஆள் கூலி கிடையாது. ஒவ்வொரு வராமை நாளையும் மேலே உள்ள நான்கில் ஒன்றில் மட்டும் போடுங்கள், பாதிப் பாதியாகப் பிரிந்தால் பாதிப் பாதியாக எழுதுங்கள். ஆண்டறிக்கைக்காகப் பயமுறுத்தும் தொகை வேண்டுமென்றால் மூன்றையும் கூட்டலாம். நிதித் துறையில் ஒருவர் படித்த அன்றே அது உதிர்ந்துவிடும்.

ஆண்டு மொத்தத்தை எப்படி எடுப்பது?

இரண்டு விலைகள் வேண்டும். ஒன்று நாளுக்கு. மற்றொன்று தடவைக்கு: தகவல் வாங்குவது, ஷிஃப்டை மாற்றி அடுக்குவது, வேலையைக் கைமாற்றுவது, திரும்பி வந்ததும் பேசுவது, பேரோலில் திருத்துவது. சூப்பர்வைசரின் நேரம்தான் இதில் பெரும்பகுதி. ஓரிரு வாரம் அவரைக் குறித்துவைக்கச் சொன்னால் போதுமான தோராயம் கிடைக்கும்.

முன்பு பார்த்த இரு துறைகள். முதல் துறையில் நாளுக்கு 150, தடவைக்கு 60 என்றால் 600 × 150 + 300 × 60 = 1,08,000. இரண்டாவதில் நீண்ட காலத்துக்குத் தற்காலிக ஆளை முறையாக அமர்த்த முடிவதால் நாளுக்கு 100. தேடி அமர்த்திப் பழக்க வேண்டியிருப்பதால் தடவைக்கு 300. 600 × 100 + 24 × 300 = 67,200. விகிதம் ஒன்றே, செலவில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இந்த மொத்தத்தை "மிச்சப்படுத்தக்கூடிய தொகை" என்று எழுதிவிடாதீர்கள். மனிதர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகத்தான் செய்யும். 5-லிருந்து 4 சதவீதமாகக் குறைக்க முடியும் என்று நம்பினால் அந்த ஒரு சதவீதத்தின் கூடுதல் செலவை மட்டும் எழுதுங்கள்.

எத்தனை உபரி ஆட்கள் வைத்துக்கொள்வது?

20 பேர் அணி, விகிதம் 5 சதவீதம். சராசரியாகத் தினம் ஒருவர் இல்லை. ஆகவே ஓர் உபரி ஆள் போதும் என்று தோன்றும். ஒருவர் வராததற்கும் இன்னொருவர் வராததற்கும் தொடர்பில்லை என்று வைத்துக் கணக்கிட்டால், எல்லோரும் வரும் நாட்கள் 36 சதவீதம், ஒருவர் மட்டும் இல்லாதவை 38 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேல் இல்லாதவை 26 சதவீதம். அதாவது ஓர் உபரி ஆளை வைத்தும் நான்கு நாளுக்கு ஒரு நாள் ஆள் குறையும். அதே நேரம் 36 சதவீத நாட்களில் அவருக்கு வேலை இருக்காது. இரண்டு உபரி வைத்தால் ஆள் குறையும் நாட்கள் ஏறத்தாழ 7.5 சதவீதமாக இறங்கும், சும்மா இருக்கும் நேரம் கூடும். உபரி ஆளின் சம்பளமும் வராமையின் செலவுதான். பல கணக்குகளில் அது இடம்பெறுவதே இல்லை.

தொற்று பரவும் காலத்தில் தொடர்பில்லை என்ற அனுமானம் உடையும். ஒருவர் படுத்தால் கூட இருப்பவரும் படுப்பார். அதற்கு உபரி ஆளை விடப் பக்கத்துத் துறை ஆட்களுக்கு இரண்டு வேலைகள் பழக்கி வைப்பது மலிவு.

முதல் சில நாட்களுக்கு ஊதியம் தராவிட்டால் வராமை குறையுமா?

குறுகிய வராமை குறையும். பதிலுக்கு இரண்டு நடக்கும். காய்ச்சலோடு வேலைக்கு வந்து மற்றவர்களுக்குப் பரப்புவார்கள். ஏற்கெனவே ஊதியமற்ற நாட்களைக் கடந்துவிட்டவர், முழுதாகத் தேறும்வரை திரும்ப மாட்டார். இடையில் வந்து மறுபடி விழுந்தால் முதலிலிருந்து இழக்க வேண்டுமே. குறிப்பிட்ட வாரங்களுக்குள் அதே நோய் திரும்பினால் பழைய தடவையின் தொடர்ச்சி என்று விதி வைத்தால் இந்த இரண்டாவது விளைவு அடங்கும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டின் 102-ஆம் எண் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை முதல் மூன்று நாட்களுக்கு நோய்க்கால உதவித்தொகை தராமலிருக்க இடம் தருகிறது. பல நாட்டுத் திட்டங்களில் இப்படி உதவித்தொகை இல்லாத காத்திருப்பு நாட்களைக் காணலாம்.

சான்றிதழ் விதிக்கும் இதே போன்ற தடயம் உண்டு. நான்காம் நாளிலிருந்து சான்றிதழ் கட்டாயம் என்றால் மூன்று நாள் வராமைகள் குவியும். எத்தனை நாள் வராமை எத்தனை தடவை என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள், உங்கள் விதிகள் அதில் மேடுபள்ளமாகத் தெரியும்.

முழு வருகைக்குப் பரிசு கொடுக்கலாமா?

தரலாம், ஆனால் மாதத்தின் 3-ஆம் தேதி ஒரு நாள் தவறியவருக்கு மீதி மாதம் முழுக்க இழக்க எதுவும் இல்லை. அவர் இன்னொரு நாளும் எடுப்பார். எப்போதும் வருபவருக்கோ உடம்பு முடியாத அன்றும் வரத் தூண்டுதல். உடம்பு முடியாமல் வேலைக்கு வருவதன் செலவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தவறான கணக்கு, உடைந்த சரக்கு, நீளும் நோய் என்று வேறு தலைப்புகளில் வெளிப்படும்.

வேலையிட விபத்தால் வராதவர்களை எங்கே சேர்ப்பது?

மொத்த விகிதத்தில் சேர்த்து, தனியாகவும் காட்டுங்கள். நாள் இழப்பு ஏற்படுத்திய விபத்துகளின் எண்ணிக்கையை 10 லட்சத்தால் பெருக்கி, வேலை செய்த மொத்த மணிகளால் வகுப்பது ஒரு வழக்கம். அமெரிக்காவில் 10 லட்சத்துக்குப் பதில் 2 லட்சம். 100 பேர், வாரம் 40 மணி, 50 வாரம் என்ற கணக்கு அது. ஒரே தரவுக்கு இரண்டு எண்களும் ஐந்து மடங்கு விலகி நிற்கும், எனவே எது என்று எழுதாமல் ஒப்பிட வேண்டாம்.

காரணங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது?

பத்துப் பன்னிரண்டு வகைகள் போதும்: சளி-காய்ச்சல், வயிற்றுக் கோளாறு, முதுகு-மூட்டு வலி, மனநலம், வேலையிடக் காயம், அறுவை சிகிச்சை, குடும்ப அவசரம், இப்படி. "மற்றவை" கால் பங்கைத் தாண்டினால் வகைகள் சரியில்லை, அல்லது கேட்பவரிடம் சொல்ல ஆட்கள் தயங்குகிறார்கள். நோயின் பெயர் சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியதில்லை. எப்போது வருவார், திரும்பியதும் எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும் என்ற இரண்டு தகவல் அவருக்குப் போதும். மருத்துவ விவரம் ஹெச்.ஆர். பூட்டிவைக்கும் கோப்பில் இருக்கட்டும். ஐந்து பேருக்குக் குறைவான குழுவுக்குக் காரணவாரி அட்டவணை வெளியிட வேண்டாம், யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு துறையில் விகிதம் திடீரென்று பாதியாகிவிட்டது. பாராட்டலாமா?

முதலில் பதிவைச் சோதியுங்கள். பேரோலில் ஊதியம் பிடிக்காத துறைகளில், மேலாளர் நல்லெண்ணத்தில் ஒரு நாளைப் பதியாமல் விடுவது சகஜம். வராமை குறையாவிட்டால் கேள்வி கேட்பார்கள் என்று அறிவித்த மாதத்தில் இன்னும் சகஜம். ஆண்டு விடுப்பு அதே மாதத்தில் ஏறியிருக்கிறதா? வீட்டிலிருந்து வேலை என்று எழுதிய நாட்கள் கூடியிருக்கின்றனவா? ஓவர்டைம் மணிகளும் ஏஜென்சி பில்லும் குறைந்திருக்கின்றனவா? ஆட்கள் உண்மையிலேயே வந்திருந்தால் இந்தக் கடைசி இரண்டும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். வாயில் பதிவில் ஒரு வாரத்தை மட்டும் எடுத்து, வருகைப் பதிவேட்டோடு பெயர் பெயராக ஒத்துப் பார்க்க அரை நாள் ஆகும்.